பாக்கெட்டில் சொன்ன பல்லி

ஆமாம், அந்தப் பல்லி என் பாக்கெட்டில்தான் இருந்தது! நீங்களும் அதைத்தானே கேட்க வந்தீர்கள்? தமிழ்நிலா கடற்கரை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அவள் சொல்வதுபோல் அது உயிருள்ள பல்லி இல்லை. வால் கிடையாது, கால் கிடையாது. வெறும் சத்தம்! அந்தச் சத்தம் எங்கள் வீட்டையே தலைகீழாகப் புரட்டிவிட்டது.

இருங்கள். பாய் கடையிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

என் பெயர் மஹதி. மயிலாப்பூரில் வீடு. குயில், தவளை, மழை, மரங்கொத்தி என்று எது சத்தம் போட்டாலும் நான் அப்படியே நின்றுவிடுவேன். பன்னிரண்டாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று அப்பா கேட்டபோது யோசிக்கவே இல்லை.

"பாக்கெட்ல போட்டுக்கற மாதிரி ஒரு டேப் ரெக்கார்டர்!"

அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நிபந்தனை இல்லாமல் ஒரு மிட்டாய்கூடத் தரமாட்டார்.

"வாங்கித் தரேன். காக்கா, குருவி, கடல், எதை வேணாலும் பிடிச்சுக்கோ. ஆனா மனுஷா பேசறதை அவாளுக்குத் தெரியாம பிடிக்கப்படாது. பிடிச்சேன்னு தெரிஞ்சுது, அன்னிக்கே அது கடைக்குத் திரும்பிப் போயிடும். சரியா?"

"சரி, சரி, சரி!" என்றேன். மூன்று தடவை. அதுதான் பிறகு என்னைப் பாடாய்ப் படுத்தியது.

முழுப் பரீட்சை முடிந்த மறுநாள், பாண்டி பஜாருக்குப் போனோம். தமிழ்நிலாவும் வந்தாள். அவள் என் வகுப்புத் தோழி. நொச்சிக்குப்பத்தில் வீடு. நான் எதை வாங்கினாலும் அதில் குறை கண்டுபிடிக்க ஓர் ஆள் வேண்டுமே!

வளையல் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவில், ஒரு கதவு அகலத்துக்கு ஒரு கடை. அதில் மெஹபூப் அலி உட்கார்ந்திருப்பார். நாங்கள் 'பாய்' என்று கூப்பிடுவோம். எங்கள் வீட்டில் இருக்கிற பெரிய டேப் ரெக்கார்டர் எப்போது மக்கர் பண்ணினாலும் அவர்தான் சரிசெய்வார்.

பாய் கண்ணாடி மேஜைமேல் இரண்டு ரெக்கார்டர்களை வைத்தார்.

ஒன்று கறுப்பு. பாதிச் செங்கல் கனம். சாதாரண கேசட் போடுவது. இன்னொன்று வெள்ளி நிறம். உள்ளங்கையில் வைத்து மூடினால் காணாமல் போய்விடும்! அதன் கேசட்டைப் பார்த்ததும் நான் வாயைப் பிளந்தேன். தபால்தலையைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

"பாய்! இதுக்குள்ள டேப் எப்படிப் போச்சு?"

"அதான்மா ஜப்பான்காரன் மூள! இன்னொண்ணு சொல்றேன், மயக்கம் போட்டுறாத. இந்த விசையத் தள்ளி வெச்சிட்டா, சத்தம் கேட்டா தானா ஓடும். சத்தம் நின்னா தானா நின்னுக்கும். ஆளே வேணாம்."

"ஆளே வேணாமா!"

"இன்னாடி இது, தீப்பெட்டி மாரி கீது?" என்றாள் தமிழ்நிலா. "பக்கத்துல நின்னு தும்முனா பறந்துடும் போல."

"ரெண்டும் ஒரே விலதான்," என்றார் பாய். "சாருக்காவ ஒண்ணு செய்றேன். சனிக்கிழம சாயங்காலம் வரிக்கும் ரெண்டையும் எடுத்துட்டுப் போயி ஓட்டிப் பாரு. ஒண்ண வெச்சிக்க, ஒண்ணக் குடுத்துரு."

நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். சின்னதுதான். பெரியதை மரியாதைக்குத்தான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் தமிழ்நிலா வீட்டுக்கு எதிரே, படகுகளுக்கு நடுவில் உட்கார்ந்து இரண்டிலும் கடலைப் பிடித்தோம். பெரியதில் அலை அலையாகவே வந்தது. கண்ணை மூடினால் காலில் ஈரம் படும்போல் இருந்தது. சின்னதைப் போட்டோம்.

"ஐயே! யாரோ அப்பளம் பொரிச்சிகினு கீறாங்க," என்றாள் தமிழ்நிலா.

எனக்குத் திக்கென்றது. கோபமும் வந்தது. "கடல் அதுக்குப் பெரிசு. குருவி, குயில்னா சரியா வரும், பாரு!"

பூவரச மரத்தில் ஒரு குயில் கூவியது. சின்னதைத் தானாக ஓடும்படி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பிறகு போட்டுக் கேட்டால், 'கூ... ஊ' என்பதில் 'கூ' இல்லை! சத்தம் கேட்டு, அது விழித்து, ஓடத் தொடங்குவதற்குள் பாதி போய்விடுகிறது. வெறும் 'ஊ' மட்டும் வந்தது.

தமிழ்நிலா மணலில் விழுந்து புரண்டாள். "குயிலுக்கு இன்னா, முன்பல்லு விழுந்துட்சா?"

"நீ பேசாம இரு! பெரிசு என் பாக்கெட்லயே நுழையலை. இதான் எனக்கு வேணும்."

"சரி சரி, கோச்சிக்காத. ஊமக் குயிலா பாத்துப் புடி."

அன்று சாயங்காலம் எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் கூடத்து டியூப் லைட்டுக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருக்கிறது. ஆள் பக்கத்தில் போனால் பேசாது. ஆளே வேண்டாம் என்றாரே பாய்! சின்னதை அலமாரிமேல் வைத்து, விசையைத் தள்ளிவிட்டு, ஹிந்தி டியூஷனுக்கு ஓடிவிட்டேன். வீட்டில் அப்போது யாரும் இல்லை.

திரும்பி வந்ததும் அதை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். இயர்போனைக் காதில் மாட்டினேன்.

'ட்ச்! ட்ச்! ட்ச்!'

ஐயோ, எவ்வளவு துல்லியம்! காதுக்குள்ளேயே பல்லி உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. நான் குதித்த குதியில் கொடியில் காய்ந்த துண்டு கீழே விழுந்தது.

அதற்கு அடுத்த நொடியே ஒரு குரல்.

"இதோ பாரு, உன்கிட்ட மட்டும் சொல்றேன்..."

அப்பா! நடுவில் இருந்த மௌனத்தையெல்லாம் அந்த மெஷின் விழுங்கிவிட்டு, பல்லிக்குப் பின்னாலேயே அப்பாவைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. அவர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

நிறுத்தியிருக்க வேண்டும். தெரியும். ஆனால் கை ஓடவில்லை.

"அந்தமான் தூரம், கப்பல், காய்ச்சல்னு நான் சொல்றதெல்லாம் சும்மா. நீரஜா இல்லாம என்னால இருக்க முடியாது. அதான் நிஜம். காலம்பற நான் காப்பி குடிக்கறச்சே எதிர்த்தாப்ல உக்காந்துண்டு அவ பேப்பர் படிக்கணும் எனக்கு. இதை அவகிட்ட எப்படிச் சொல்றது? வெட்கமா இருக்கு."

பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்.

அப்பா அழுகிறாரா? எங்கள் அப்பாவா? முழுப் பள்ளிக்கூடமும் பார்த்து நடுங்குகிற கல்யாணராமன் சாரா? அப்படியே தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

நீரஜா என் அக்கா. விலங்கியல் படித்து முடித்துவிட்டாள். கடல் ஆமைகளை ஆராய்ச்சி செய்யும் ஒரு குழு, ஒரு வருஷம் அந்தமானில் வேலை பார்க்க அவளைக் கூப்பிட்டிருந்தது. வருகிறாளா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் பதில் போட வேண்டும். அப்பா ஒரு வாரமாக 'யோசிக்கலாம், யோசிக்கலாம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம், அக்கா கூடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நீ சரின்னா போறேன். வேண்டாம்னா போகலை. சண்டை போட மாட்டேன். ஆனா இன்னிக்கே சொல்லிடு."

அம்மா கதவோரம் நின்றாள். நான் வழக்கமாக உட்காரும் இடத்தை விட்டு, ஜன்னல் மூலையில் தண்ணீர்ச் சொம்பு இருந்ததால் அங்கே போய் உட்கார்ந்தேன். சின்ன ரெக்கார்டர் என் பாவாடைப் பாக்கெட்டில் இருந்தது. பல்லியை மட்டும் திரும்பக் கேட்பதற்காக டேப்பைப் பல்லி தொடங்கும் இடத்துக்கு ஓட்டி வைத்திருந்தேன். இயர்போன் எப்போதோ கழன்று போயிருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

அப்பா தொண்டையைக் கனைத்தார். "நானும் ரொம்ப யோசிச்சேன். இந்த அந்தமான் எல்லாம் இவளுக்கு ஒத்து வராதுன்னுதான்..."

நான் சொம்பை எடுக்கக் குனிந்தேன். பாக்கெட் மடங்கி, உள்ளே பொத்தான் அமுங்கிவிட்டது.

'ட்ச்! ட்ச்! ட்ச்!'

எல்லோரும் தலை நிமிர்ந்தார்கள்.

உங்கள் வீட்டிலும் இது உண்டுதானே? ஒருவர் ஒன்றைச் சொல்லும்போது பல்லி கத்தினால், சொன்னது சத்தியம் என்று அர்த்தம். அப்பா சட்டென்று விரல் முட்டியால் தரையைத் தட்டினார்.

"சத்தியம்! பாத்தியா, பல்லியே சொல்லிடுத்து!"

அடுத்து வரப்போவது என்ன என்று எனக்கு மட்டும்தானே தெரியும்! பாவாடையோடு சேர்த்து அந்த மெஷினை அமுக்கினேன். அதற்குள் 'இதோ பா...' என்று பாக்கெட்டிலிருந்து பாதிக் குரல் வெளியே வந்துவிட்டது.

"என்னடி அது?" என்றாள் அம்மா.

"ஏப்பம்மா," என்றேன்.

"ஏப்பம் இப்படியா வரும்?"

நல்லவேளை, யாரும் மேலே கேட்கவில்லை. அப்பா ஆணியில் தொங்கிய பஞ்சாங்கத்தை எடுத்துவிட்டார். அதில் பல்லி எந்தக் கிழமை, எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன் என்று ஒரு கட்டம் போட்டிருக்கும்.

"எந்தத் திக்குலேர்ந்து சொல்லித்து?"

மூன்று பேரும் சேர்ந்தாற்போல் என் பக்கம் திரும்பினார்கள்.

"மஹதி உக்காந்திருக்கற மூலை. தென்மேற்கு," என்றாள் அம்மா.

அப்பா கட்டத்தில் விரலை ஓட்டினார். "வியாழக்கிழமை, தென்மேற்கு... காரியத் தடை." கண்ணாடியைக் கழற்றினார். "நான் சொல்லலை. பஞ்சாங்கமே சொல்றது."

"அப்பா, அது பூச்சி தின்ன வந்த பல்லிப்பா," என்றாள் நீரஜா. "அதுக்கு அந்தமானும் தெரியாது, ஆமையும் தெரியாது."

அப்பா பஞ்சாங்கத்தை மறுபடி ஆணியில் மாட்டினார். அக்கா அவரையே பார்த்தாள். பிறகு, "சரிப்பா. வரலைன்னு எழுதிடறேன்," என்று எழுந்து போய்விட்டாள்.

சண்டை போடுவாள் என்று நினைத்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். இப்படிச் 'சரிப்பா' என்பாள் என்று நினைக்கவே இல்லை.

எல்லோரும் போன பிறகு பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். நான் வழக்கமாக உட்காரும் இடம் வடகிழக்கு. வியாழக்கிழமை, வடகிழக்கு: காரிய சித்தி! அடக் கடவுளே! ஒரு சொம்புத் தண்ணீருக்காக இடம் மாறி உட்கார்ந்து, அக்காவின் அந்தமானைக் கவிழ்த்துவிட்டேனே!

உடனே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? பல்லியை மட்டும் போட்டுக் காட்டிவிட்டு நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்களா? நானும் அதையே நினைத்தேன். ஆனால் பல்லி பொய்யென்றால் அப்பா கப்பல் என்பார். கப்பல் இல்லையென்றால் காய்ச்சல் என்பார். நிஜமான காரணம் என் பாக்கெட்டிலேயே கிடக்கும்.

அந்தக் காரணத்தை எல்லோர் முன்னாலும் போட்டால்? அப்பா மூக்கை உறிஞ்சியது கூடம் முழுக்கக் கேட்கும். வெட்கமாக இருக்கிறது என்று சொன்னாரே. முடியாது. அதைக் கேட்க ஒரே ஓர் ஆளுக்குத்தான் உரிமை உண்டு. பேசியவருக்கு.

அப்படிப் போட்டுக் காட்டினால் என் ரெக்கார்டர் போய்விடும். 'சரி, சரி, சரி' என்று மூன்று தடவை சொன்னேனே!

வெள்ளிக்கிழமை காலையில் அப்பா அக்காவின் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். நானும் கூடவே கிளம்பினேன்.

"நீ எங்கடி வரே?"

"சும்மா."

தெப்பக்குளத்து ஓரமாக நடந்தோம். நான் பத்து தடவை வாயைத் திறந்தேன், பத்து தடவை மூடினேன். தபால் பெட்டி வந்துவிட்டது. அப்பா கடிதத்தை எடுத்தார். பெட்டியின் வாய்க்குள் பாதி நுழைத்துவிட்டார்.

"அப்பா, நில்லு!"

நான் போட்ட கத்தலில் பூக்காரம்மா அளந்துகொண்டிருந்த முழத்தை விட்டுவிட்டாள். அப்பாவின் கை பெட்டியின் வாயிலேயே நின்றது.

"நேத்திக்குச் சொல்லித்தே, அந்தப் பல்லி... அது என் பாக்கெட்லேர்ந்துப்பா சொல்லித்து!"

அப்பா துள்ளி இரண்டடி பின்னால் போனார். "பல்லியைப் பாக்கெட்லயா வெச்சுண்டிருக்கே? எடுத்து வெளில போடுடி!"

"உயிர்ப் பல்லி இல்லைப்பா. டேப்!"

எடுத்துப் போட்டுக் காட்டினேன். 'ட்ச்! ட்ச்! ட்ச்!' உடனே நிறுத்தினேன்.

அப்பாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கரும்பலகை நிறையப் போட்ட கணக்கு, முதல் வரியிலேயே தப்பு என்று தெரிந்தவர்போல் நின்றார்.

"அப்ப... நான் பஞ்சாங்கம் பாத்தது..."

"ஜப்பான் மெஷினுக்குப்பா."

அவருக்குச் சிரிப்பு வரும்போல் இருந்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"இன்னும் இருக்கு. பல்லிக்கு அப்புறம் உன் குரல் இருக்கு. அதுவா ஓடிப் பிடிச்சுடுத்து. நான் கேட்டுட்டேன். வேற யாருக்கும் போடலை. இந்தா."

இயர்போனைச் செருகி அவர் காதில் வைத்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகம் மட்டும் தெரிந்தது. முதலில் சிவந்தது. பிறகு வெளுத்தது. அவர் குளத்துக் கட்டைச் சுவரில் மெல்ல உட்கார்ந்தார். குளத்தில் ஒரு மீன் துள்ளியது. அதைக்கூட நான் பிடிக்கவில்லை.

"நீரஜா கேட்டாளா?"

"இல்லை."

"இதை எப்படி அழிக்கறது?"

"இதுக்கு மேலயே வேற எதையாவது பிடிக்கணும்."

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். மின்கம்பியில் வரிசையாகக் காக்கைகள். ரெக்கார்டரைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், எங்கள் கணக்கு வாத்தியார். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். அவர் காதுக்கு மட்டும் உரிய அந்தப் பேச்சு இருந்த இடத்தில், 'கா, கா' என்று ஒரே கும்மாளம்!

கடிதத்தை அவர் பெட்டியில் போடவில்லை.

வீட்டுக்கு வந்தோம். நீரஜா பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நீரஜா, பல்லி ஒண்ணும் சொல்லலை. கப்பல், காய்ச்சல் எல்லாம் பொய். நீ போயிட்டா எனக்கு இந்த ஆத்துல இருப்பே கொள்ளாது. அவ்வளவுதான் காரணம்."

அக்கா பேப்பரை இறக்கினாள். அவள் கண் அவ்வளவு பெரிதாகி நான் பார்த்ததே இல்லை.

"இவ்வளவுதானாப்பா? இதுக்கா ஒரு பல்லியைச் சாட்சிக்குக் கூப்பிட்டே?"

"தப்புதான்."

"நீ இப்படிச் சொன்னா நான் எப்படிப்பா போறது?"

"போகணும். வெறிச்சுன்னு இருக்கறதுக்கு நான் ஏதாவது வழி பண்ணிக்கறேன். உன் ஆமை காத்துண்டிருக்குமா?"

அக்கா அழுதாள், சிரித்தாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். 'வருகிறேன்' என்று வேறு கடிதம் எழுத உட்கார்ந்தாள். அம்மா பழைய கடிதத்தின் உறையை வாங்கி, அதன் பின்பக்கத்தில் மளிகைச் சாமான் எழுதத் தொடங்கிவிட்டாள்.

"நான் ஒரு வாரமா இதையேதான் சொல்லிண்டிருந்தேன்," என்றாள் அம்மா. "இந்த ஆத்துல ஒரு பல்லிக்கு இருக்கற மரியாதை எனக்குக் கிடையாது."

நானே கேட்டுவிட்டேன். "அப்பா, நிபந்தனை? ரெக்கார்டர் திரும்பப் போயிடுமா?"

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பொத்தானை யார் அமுக்கினா?"

"யாரும் இல்லை. அதுவா ஓடித்து."

"அதை முதல்ல கிளப்பி விட்டது யாரு?"

"பல்லி."

"அப்ப குத்தவாளி பல்லிதான். உனக்குத் தள்ளுபடி. நாளைக்குப் போய் எது வேணுமோ எடுத்துக்கோ."

சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் பாண்டி பஜார் போனோம். பாய் என்னைப் பார்த்ததுமே சிரித்தார். "சின்னதுதானம்மா? உன் கண்ணுலயே அன்னிக்கே தெரிஞ்சிட்சி."

சின்னது என் உள்ளங்கையில் இருந்தது. சூடாக, குட்டி அணில்போல். எனக்கு அது எவ்வளவு பிடிக்கும் தெரியுமா?

பக்கத்தில் நீரஜா தமிழ்நிலாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "நாங்க தங்கப்போற தீவுல போனே கிடையாது. கப்பல் வந்தாத்தான் கடுதாசி."

"ஐயே! பேஜாராச்சேக்கா."

நான் வெளியே பார்த்தேன். அப்பா பக்கத்துக் கடையில் ஒரு சில்வர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு டம்ளர் எதுவும் தேவையில்லை. அவர் காதெல்லாம் இங்கேதான் இருந்தது. கப்பல் வந்தால்தான் கடுதாசி என்றதும், டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. "பாய், பெரிசைக் குடுங்கோ!" என்றேன்.

"இன்னாடி, லூசா நீ?" என்றாள் தமிழ்நிலா.

"சின்னதோட கேசட் வேற எந்த மெஷின்லயும் ஓடாது. பெரிசோடது எங்காத்து மெஷின்ல ஓடும். அலையும் அலையாவே வரும்." பெரியதை அக்கா கையில் வைத்தேன். "இது உனக்கு. ஒரு வருஷத்துக்கு மட்டும்! பேசிப் பேசி அனுப்பு. அப்பா கேப்பா. நான் ஆமை கத்தறதைக் கேக்கறேன்."

நீரஜா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பிறகு, "ஆமை கத்தாதுடி," என்றாள்.

"அப்ப எது கத்தறதோ அதைப் பிடிச்சு அனுப்பு."

பாய் சின்னதைத் துடைத்து அதன் பெட்டிக்குள் வைத்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தமிழ்நிலா என் முழங்கையை இடித்தாள். "சோக்கா செஞ்சடி. ஆனா அந்தத் தீப்பெட்டி பாவம்."

அக்கா கப்பல் ஏறி ஒரு மாதமாகிவிட்டது. அவளுடைய முதல் கேசட் போன திங்கட்கிழமை வந்தது! அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் அதை மெஷினில் போட்டார். தமிழ்நிலாவும் ஓடி வந்துவிட்டாள்.

முதல் பக்கம் முழுக்க அக்கா பேப்பர் படித்தாள்! கப்பலில் கட்டி எடுத்துப் போன பழைய பேப்பர். சிமெண்டு விலை, சினிமா விளம்பரம், மேட்டுத் தெருவில் காணாமல் போன பசுமாடு, ஒன்றையும் விடவில்லை. அப்பா தினமும் காலையில் காப்பியோடு அதைத்தான் கேட்கிறார். பசுமாடு கிடைத்ததா என்று கவலை வேறு!

இரண்டாம் பக்கம் எனக்கு. அதில்தான் எனக்கு மறுபடி தூக்கிவாரிப் போட்டது.

"மஹதி, சத்தம் போடாம கேளு," என்று அக்கா கிசுகிசுத்தாள். "சாயங்காலம் ஆறு மணி. இருட்டப் போறது. காட்டோரமா நிக்கறேன். சுத்தி ஒரு ஆளும் இல்லை. இப்பப் பாரு..."

'டொக்... டொக்... டொக்... டொக்...'

யாரோ சுத்தியலை எடுத்துப் பலகையில் நிதானமாக அடிப்பதுபோல்! எண்ணினேன். நாற்பத்திரண்டு அடி. கொஞ்சம் நிற்கிறது. மறுபடி 'டொக்... டொக்...'

"இங்க தச்சரே கிடையாதுடி. இது என்னன்னு எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். நீயே கண்டுபிடிச்சு எழுது!" என்றாள் அக்கா. கேசட் தீர்ந்துவிட்டது.

அப்பா மரங்கொத்தி என்கிறார். மரங்கொத்தி இவ்வளவு பொறுமையாகக் கொத்தாது. தேங்காய் காற்றில் ஆடி மரத்தில் மோதுகிறது என்கிறாள் அம்மா. தமிழ்நிலா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "பேய்தான்டி, எங்க நைனாமேல சத்தியமா பேய்தான்!" என்கிறாள். எனக்கென்னவோ, அது ஒரு பறவைதான், இருட்டும்போது மட்டும் வாயைத் திறக்கிற பறவை என்று தோன்றுகிறது. ஆனால் எந்தப் பறவை பலகையில் ஆணி அடிப்பதுபோல் கத்தும்?

கப்பல் புதன்கிழமை கிளம்புகிறது, அதற்குள் நான் பதில் எழுதியாக வேண்டும். சீக்கிரம் சொல்லுங்களேன், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?